எண்ணெய்க்குள் துரு

அரிவாள்மனையைக் கழுவித் துடைத்து, நாலு சொட்டு எண்ணெய் தடவிச் சாய்த்து வைப்பார்கள். தோசைக்கல்லுக்கும் அதே கவனிப்புதான். மழைக்காலம் வருவதற்குள் வாசல் பூட்டுக்குள் எண்ணெய் விட்டுவிடுவார்கள். எண்ணெய் பட்ட இரும்பு துருப்பிடிக்காது என்று நமக்கு யாரும் பாடம் நடத்தியதில்லை. வீட்டில் பார்த்துப் பார்த்தே தெரிந்துகொண்டோம்.

அப்படியென்றால், பிறந்த நாளிலிருந்து எண்ணெயைத் தவிர வேறெதையும் சுமக்காத டீசல் டேங்க் உள்ளே துருப்பிடிப்பது எப்படி?

டீசல் அம்பாசடரையே எடுத்துக்கொள்வோம். மேற்கு வங்காளத்தில் உத்தரபாரா என்ற ஊரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த கார் அது. 1980 வாக்கில் அதற்கு 1489 சி.சி. டீசல் எஞ்சின் வந்தது, பிரிட்டனின் பி.எம்.சி. நிறுவனம் வடிவமைத்த எஞ்சின். 2014இல் அம்பாசடர் தயாரிப்பே நின்றுபோனது. வேப்பமரத்தடியிலும் தகரக் கொட்டகையிலும் இன்னும் நிற்கிற வண்டிகளை மறுபடி ஓட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் நிறையப் பேர். புது பேட்டரி போடுவார்கள், எஞ்சின் ஆயில் மாற்றுவார்கள், புது டீசல் ஊற்றுவார்கள். வண்டி ஸ்டார்ட் ஆகும். இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓடும். பிறகு மூச்சு வாங்கி நின்றுவிடும். 'ஏர் பிடிச்சிருக்கு' என்று மெக்கானிக் பம்பை அடித்துக் காற்றை எடுப்பார். மறுபடி ஓடும், மறுபடி நிற்கும். கடைசியில் ஃபில்டரைக் கழற்றினால் அதன் மடிப்புகளில் செங்கல் பொடி போல ஒரு சேறு. டேங்கை இறக்கி, டீசல் அளவு காட்டும் மிதவைக்கான துளை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தால் காரணம் தெரியும். மேல் தகட்டில் பழுப்பு மாவு தூவியது போல லேசான துரு. அடித் தகட்டில் கறுத்த பொருக்கு. விரல் நகத்தால் நெம்பினால் பெயர்ந்து வருகிறது, அதன் அடியில் அம்மைத் தழும்பு போலக் குழிகள்.

ஒரே டேங்கில் மேலே ஒரு விதம், கீழே ஒரு விதம். இந்த வித்தியாசத்தில்தான் விடை இருக்கிறது.

எண்ணெய் காற்றைத் தடுக்காது

இரும்பு துருப்பிடிக்க இரண்டு பேர் சேர்ந்து வர வேண்டும்: தண்ணீர், ஆக்சிஜன். ஒருவர் மட்டும் வந்தால் வேலை நடக்காது. அரிவாள்மனையில் தடவிய எண்ணெய் இந்த இருவரில் யாரைத் தடுக்கிறது? பெரும்பாலோர் 'காற்றைத்தான்' என்பார்கள். அது தவறு.

காற்று பட்டுக்கொண்டிருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரில், நம் ஊர் வெப்பத்தில், ஏறக்குறைய 8 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். மீன்கள் மூச்சுவிடுவது அதை வைத்துத்தான். பெட்ரோலியத்திலிருந்து பிரித்த எண்ணெய்களோ அதைப் போலப் பல மடங்கு ஆக்சிஜனைக் கரைத்து வைத்துக்கொள்கின்றன. டீசலுக்கு நெருங்கிய உறவான விமான எரிபொருளில் இதை நன்றாக அளந்திருக்கிறார்கள்: ஒரு கிலோவுக்கு 70 மில்லிகிராம் அளவு. ஆக, டேங்கில் இருக்கும் டீசல் இரும்புக்குப் போர்த்திய போர்வை என்று நினைத்தோம். உண்மையில் அது ஆக்சிஜன் கிடங்கு.

எண்ணெய் தடுப்பது தண்ணீரை. அதையும் மெல்லிய படலமாக, இரும்போடு ஒட்டிக்கொண்டு நிற்கும் வரைதான் தடுக்கும். டேங்கின் அடியில் ஒரு ஸ்பூன் தண்ணீர் தேங்கிவிட்டால் கதை மாறிவிடுகிறது. டீசல் தண்ணீரை விட இலேசானது. ஒரு லிட்டரின் எடை ஏறக்குறைய 830 கிராம்தான். அதனால் தண்ணீர் எப்போதும் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். இரும்பின் மேற்பரப்புக்கும் எண்ணெயை விடத் தண்ணீர் மேல்தான் பற்று அதிகம். மெல்ல மெல்ல டீசலை விலக்கிவிட்டுத் தண்ணீர் தகட்டில் ஒட்டிக்கொள்கிறது. மேலே நிற்கும் ஐம்பது லிட்டர் டீசல் அதற்கு இடைவிடாமல் ஆக்சிஜனை ஊட்டுகிறது.

ஒரு துளிக்குள் நடப்பது

குழி ஏன் விழுகிறது? தகடு முழுவதும் சீராகத் தேயலாமே?

இதற்கு விடை சொன்னவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் யூலிக் எவான்ஸ். 1920களில் அவர் செய்த சோதனையை நீங்களே செய்து பார்க்கலாம். ஒரு இரும்புத் தகட்டை உப்புத்தாளால் பளபளவென்று தேயுங்கள். அதன் மேல் உப்புத் தண்ணீர் ஒரு துளி விட்டு, அசையாமல் வைத்துவிடுங்கள். சில மணி நேரத்தில் துளியின் விளிம்புக்கும் நடுவுக்கும் இடையே பழுப்பு வளையம் ஒன்று தோன்றும். துளியைத் துடைத்துவிட்டுப் பாருங்கள்: துரு படிந்தது வளையத்தில், இரும்பு அரிக்கப்பட்டதோ வளையத்துக்கு உள்ளே, நடுவில்.

துளியின் விளிம்பு மெல்லியது. அங்கே ஆக்சிஜன் எளிதில் இறங்கும். நடுப்பகுதி ஆழமானது, அங்கே ஆக்சிஜன் குறைவு. இந்த ஏற்றத்தாழ்வே போதும், அந்தத் துளி ஒரு குட்டி பேட்டரியாகிவிடும். ஆக்சிஜன் குறைந்த நடுப்பகுதியில் இரும்பு கரைந்து எலெக்ட்ரான்களை விடுகிறது. அவை தகட்டின் வழியே விளிம்புக்கு ஓடி அங்கே ஆக்சிஜனோடு சேர்கின்றன. இதற்கு மின்வேதி அரிப்பு என்று பெயர். டேங்கின் அடியில் தேங்கிய தண்ணீரும், அதன் மேல் படியும் சேறும் இதே வேலையைப் பெரிய அளவில் செய்கின்றன. சேற்றின் அடியில் ஆக்சிஜன் எட்டாத இடம்தான் குழியாகிறது. ஒரு முறை குழி விழுந்தால் அதற்குள் ஆக்சிஜன் இன்னும் குறையும், அரிப்பு இன்னும் ஆழமாகும். தகட்டின் மற்ற இடமெல்லாம் நன்றாக இருக்க, ஊசி நுழையும் ஓட்டை ஒன்று மட்டும் விழுவது இப்படித்தான்.

தண்ணீர் எந்த வழியில் வருகிறது?

டீசல் டேங்கில் தண்ணீர் எப்படி வந்தது என்று யாரைக் கேட்டாலும் 'காற்றின் ஈரம் குளிர்ந்து தண்ணீராகிறது' என்பார்கள். உண்மைதான். ஆனால் எவ்வளவு? கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம்.

50 லிட்டர் டேங்க். அடியில் 10 லிட்டர் டீசல் இருக்கிறது, மீதி 40 லிட்டர் காற்று. டேங்குக்கு ஒரு மூச்சுத் துளை உண்டு. இல்லாவிட்டால் டீசல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உண்டாகி டீசல் வராமல் போய்விடும். பகலில் டேங்க் 40 டிகிரி, இரவில் 28 டிகிரி என்று கொள்வோம். குளிரும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்க, வெளிக்காற்று ஒன்றரை லிட்டர் உள்ளே போகும். கடலோர ஊரின் ஈரமான இரவுக் காற்று ஆயிரம் லிட்டரில் ஏறக்குறைய 22 கிராம் நீராவி இருக்கும். ஒன்றரை லிட்டரில் 0.03 கிராம். இதில் ஒரு பகுதி மறுநாள் வெயிலில் வெளியே போய்விடும். ஒரு பொட்டுக்கூடப் போகவில்லை என்றே வைத்துக்கொண்டாலும் ஓராண்டுக்கு 12 கிராம். இரண்டரை டீஸ்பூன்.

அடுத்த வழி, டீசலே கொண்டுவரும் தண்ணீர். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பது முழு உண்மை ஆகாது. டீசல் மிகச் சிறிதளவு தண்ணீரைத் தன்னில் கரைத்து வைத்திருக்கும். சூடாக இருக்கும்போது கூடுதலாகக் கரைக்கும், குளிர்ந்தால் மிச்சத்தை வெளியே தள்ளும். இன்றைய டீசல் தரவிதி ஒரு கிலோவுக்கு 200 மில்லிகிராம் வரை தண்ணீரை அனுமதிக்கிறது. ஒரு முழு டேங்க் டீசலின் எடை 41 கிலோ சொச்சம். அப்படியானால் விதிக்கு உட்பட்ட டீசலே ஒரு முறை நிரப்பும்போது 8 கிராம் தண்ணீர் வரை கொண்டுவர முடியும். பெரும்பகுதி டீசலோடு சேர்ந்தே எஞ்சினுக்குப் போய்விடும். ஒரு பகுதி அடியில் தங்கும்.

மூன்றாவது வழி மூடி. டேங்க் மூடியின் ரப்பர் வாஷர் காய்ந்து வெடித்திருக்கிறது. மழை நீர் நிமிடத்துக்கு ஒரு சொட்டு உள்ளே இறங்குகிறது. இருபது சொட்டு சேர்ந்தால் ஒரு மில்லி. பத்து மணி நேரம் பெய்த ஓர் இரவில் 600 சொட்டு, அதாவது 30 மில்லி. மூச்சுத் துளை இரண்டரை ஆண்டு வேலை செய்து கொண்டுவரும் தண்ணீரை வெடித்த வாஷர் ஒரே இரவில் கொண்டுவந்துவிட்டது.

டேங்கில் துரு என்றதும் அமிலத்தையும் பூச்சையும் தேடி ஓடுகிறோம். முதலில் வாங்க வேண்டியது மூடிக்கு ஒரு வாஷர் என்பதுதான் இந்தக் கணக்கு சொல்லும் செய்தி.

வந்த தண்ணீர் ஏன் போவதில்லை? டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சும் குழாயின் வாய் அடித் தகட்டைத் தொடாமல் சற்று மேலே நிற்கும். கசடு எஞ்சினுக்குப் போகக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. அதே ஏற்பாடு தண்ணீரையும் அடியில் நிரந்தரமாகக் குடியிருக்க விட்டுவிடுகிறது.

எல்லைக்கோட்டில் ஒரு பூஞ்சை

தண்ணீர் தங்கிவிட்டால் அதற்குக் குடித்தனக்காரர்களும் வருவார்கள். டீசலும் தண்ணீரும் சந்திக்கும் எல்லையில் ஹார்மோகோனிஸ் ரெசினே என்ற பூஞ்சை வளரும். உணவுக்கு மேலே டீசல், குடிக்கக் கீழே தண்ணீர். ஜெட் விமானங்கள் பெருகிய காலத்தில் இறக்கைக்குள் இருந்த எரிபொருள் டேங்குகளில் இந்தப் பூஞ்சை படர்ந்து வடிகட்டிகளை அடைத்தது. அலுமினியத் தகட்டையே அரித்தது. மண்ணெண்ணெய்ப் பூஞ்சை என்ற பெயர் அதற்கு உண்டு. பாக்டீரியாக்களும் இதோடு சேர்ந்து வாழும். இவை கழிக்கும் அமிலங்கள் இரும்பை மேலும் அரிக்கின்றன. டேங்கின் அடியிலிருந்து வழுவழுப்பான, பாசி போன்ற கறுப்புப் படலம் வந்தால் அது டீசல் கெட்டுப் படிந்த கசடு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். உயிருள்ளதாகவும் இருக்கலாம்.

டேங்கில் தங்கும் தண்ணீரும் துருவும் பெட்ரோல் வண்டியை விட டீசல் வண்டிக்குப் பெரிய ஆபத்து. டீசல் பம்புக்குள் உலோகமும் உலோகமும் உரசும் இடத்தில் உள்ள இடைவெளி ஓரிரு மைக்ரான்தான்; தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இருக்காது. அங்கே மசகாக வேலை செய்வதும் டீசல்தான். டீசலுக்குப் பதில் ஒரு சொட்டுத் தண்ணீரோ துருத் துகளோ போனால் பம்ப் கீறல் விழுந்து போகும். டேங்கைச் சரிசெய்யும் செலவு பம்பைச் சரிசெய்யும் செலவில் சிறு பங்குதான்.

காலி டேங்க் என்று ஒன்று கிடையாது

வேலையில் இறங்குவதற்கு முன் ஒரு கணக்கு. இதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

டீசல் ஆவி காற்றோடு கலந்து வெடிக்க, ஒரு லிட்டர் காற்றுக்கு ஏறக்குறைய 45 மில்லிகிராம் போதும். 50 லிட்டர் டேங்குக்கு இரண்டேகால் கிராம். மூன்று மில்லிக்கும் குறைவு, அரை டீஸ்பூன். டேங்கைக் கவிழ்த்து, சொட்டு வடிந்து, 'காலி' என்று சொன்ன பிறகும் மடிப்புகளில் இதைவிட அதிகம் ஒட்டியிருக்கும். டீசல் சாதாரண வெப்பத்தில் எளிதில் ஆவியாகாததால் தீக்குச்சிக்குக்கூடப் பற்றாமல் இருக்கலாம்; அந்த நம்பிக்கையில்தான் வெல்டிங் வைக்கிறார்கள். வெல்டிங் சூடு பட்ட இடத்தில் ஒட்டியிருக்கும் டீசல் ஆவியாகிறது, பக்கத்திலேயே பொறியும் இருக்கிறது. நிறைந்த டேங்கை விடக் காலி டேங்க் ஆபத்தானது என்பது இதனால்தான். சோப்புத் தண்ணீரால் பல முறை கழுவாத டேங்கில் நெருப்பு வைக்கும் வேலையை யார் செய்ய வந்தாலும் தடுத்துவிடுங்கள்.

எண்ணெய் முதலில், துரு பிறகு

பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பதற்கு முன் எண்ணெய்ப் பிசுக்கைப் போக்குகிறோம் அல்லவா? காரணம் அதேதான். துருவைக் கரைக்கும் எதுவும் தண்ணீரில் கரைந்துதான் வேலை செய்யும். எண்ணெய்ப் படலம் இருக்கும் இடத்தில் அது துருவைத் தொடவே முடியாது. வெந்நீரில் சோப்புத் தூளைக் கரைத்து ஊற்றி, குலுக்கி, வடித்து, மறுபடி ஊற்றுங்கள். வரும் தண்ணீரில் எண்ணெய் வானவில் தெரியாமல் போகும் வரைக்கும் இது தொடர வேண்டும். அந்தக் கழிவைச் சாக்கடையிலோ கிணற்றடியிலோ ஊற்றாதீர்கள். கேனில் பிடித்து, பழைய ஆயில் எடுக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

பெயரத் தயாராக இருக்கும் பொருக்கை உதிர்க்க, ஒரு முழம் இரும்புச் சங்கிலியை உள்ளே விட்டு, மறுமுனையை வெளியே கட்டிக்கொண்டு டேங்கை உருட்டலாம். கையளவு நட்டு போடுகிறவர்களும் உண்டு. போடுவதற்கு முன் எண்ணிக்கொள்ளுங்கள். டேங்குக்குள் குறுக்கே தடுப்புத் தகடு இருக்கும். அதன் பின்னால் ஒரு நட்டு ஒளிந்துகொண்டால் வெளியே எடுப்பதற்குள் பொழுது போய்விடும்.

மிஞ்சிய துருவுக்கு இரண்டு வழி. ஒன்று அமிலம். கழிவறை கழுவும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் மலிவு, வேகம்; ஆனால் துருவோடு நல்ல இரும்பையும் கரைக்கும், அது விட்டுப்போகும் குளோரைடு பிறகு துருவைத் தூண்டும். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். பாஸ்பாரிக் அமிலம் நிதானமானது. இரும்பின் மேல் மெல்லிய பாஸ்பேட் படலத்தையும் விட்டுவைக்கும்.

இன்னொரு வழி மின்பகுப்பு, அதாவது மின்சாரத்தால் பிரிப்பது. எனக்குப் பிடித்தது இதுதான், ஏனென்றால் இது துரு பிடித்த பாதையிலேயே திரும்பி நடக்கிறது. இரும்பு எலெக்ட்ரானை இழந்து துருவானது. நாம் எலெக்ட்ரானைத் திருப்பிக் கொடுக்கிறோம். டேங்கில் தண்ணீர் நிரப்பி, லிட்டருக்கு ஒரு மேஜைக்கரண்டி வாஷிங் சோடா கரைத்து, மிதவைத் துளை வழியே ஓர் இரும்புக் கம்பியை டேங்கைத் தொடாமல் ரப்பரில் தொங்கவிட வேண்டும். பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் டேங்குக்கு, பாசிட்டிவ் கம்பிக்கு. மாற்றிக் கொடுத்துவிட்டால் கரைவது டேங்காகிவிடும். எவர்சில்வர் கம்பி கூடாது. அதிலுள்ள குரோமியம் நச்சாகித் தண்ணீரில் கலக்கும். சிவந்த துரு கறுத்து, இளகி, தகட்டில் எழும் ஹைட்ரஜன் குமிழிகளால் உதிரும். நல்ல இரும்புக்குச் சேதமில்லை.

அந்த ஹைட்ரஜன் எவ்வளவு என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 5 ஆம்பியர் மின்சாரம் பத்து மணி நேரம் ஓடினால் 22 லிட்டருக்கு மேல். எளிதில் வெடிக்கக்கூடிய வாயு. ஆகவே வெட்டவெளியில் செய்யுங்கள், துளைகளை மூடாதீர்கள், சார்ஜரை அணைத்த பிறகே கிளிப்பைக் கழற்றுங்கள். கம்பிக்கு நேரே தெரியும் பரப்புதான் நன்றாகச் சுத்தமாகும், தடுப்புத் தகட்டின் மறைவுக்கு எட்டாது. கம்பியை வேறு துளைக்கு மாற்றி இன்னொரு நாள் ஓட விட வேண்டியிருக்கும்.

முதல் பத்து நிமிடம்

சுத்தமான டேங்கைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு டீ குடித்துவிட்டு வந்தால் உள்ளே மஞ்சள் பூத்திருக்கும். இதை உடன்துரு என்று சொல்லலாம். மறைப்பு எதுவும் இல்லாத இரும்பு, ஈரம், தாராளமாகக் காற்று. மூன்றும் சேர்ந்தால் நிமிடக் கணக்குதான். கடைசியாக வெந்நீரில் அலசினால் தகடு சூடேறி ஈரம் சீக்கிரம் போகும். உடனே காற்றடித்து உலர்த்தி, கை படும் சூட்டுக்கு ஆறியதும் ஒரு லிட்டர் டீசலோடு கொஞ்சம் எஞ்சின் ஆயில் கலந்து ஊற்றி எல்லாப் பக்கமும் உருட்டுங்கள். அரிவாள்மனைக்குத் தடவிய அதே எண்ணெய்தான், இப்போது சரியான நேரத்தில்.

எண்ணெய் ஊற்றுவதற்கு முன்பே ஓட்டை பார்த்து அடைத்துவிட வேண்டும். துளைகளை அடைத்து மெல்லக் காற்று விட்டு, வெளியே சோப்பு நுரை தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். ஒரு பவுண்டு காற்றே போதும். 60க்கு 50 சென்டிமீட்டர் தகட்டின் மேல் அதுவே 200 கிலோ எடைக்குச் சமம். டயருக்கு அடிப்பது போல 28 பவுண்டு அடித்தால் கிட்டத்தட்ட 6 டன். டேங்க் பிதுங்கிக் கிழியும். ஊசி ஓட்டைகளுக்கு வெல்டிங்கை விட ஈயப்பற்று நல்லது. சூடு குறைவு, மெல்லிய தகடு உருகிப்போகாது.

உள்ளே பூசும் ரசாயனப் பூச்சுகளைப் பற்றிக் கேட்பீர்கள். ஓட்டைகள் பல விழுந்து, வேறு டேங்கும் கிடைக்காத நிலையில் அவை உதவும். மற்றபடி வேண்டாம் என்பதே என் கருத்து. எங்கோ மறைவில் எண்ணெய்ப் பிசுக்கு மிச்சமிருந்தால் அந்த இடத்தில் பூச்சு பிடிக்காது. சில ஆண்டுகளில் தோல் உரிவது போல உரிந்து உறிஞ்சு குழாயை அடைக்கும். புது டேங்க் செய்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகடு தண்ணீர்த் தொட்டிக்குப் பொருந்தும், டீசலுக்குப் பொருந்தாது. டீசலிலுள்ள அமிலங்களோடு துத்தநாகம் சேர்ந்து சோப்பு போன்ற பொருளாகி ஃபில்டரையும் நாசிலையும் அடைத்துவிடும்.

டேங்கை மாட்டும்போது புது மூடி வாஷர், மிதவைக்குப் புது கேஸ்கெட், மூச்சுத் துளைக்கு நல்ல ரப்பர் குழாய், புது ஃபில்டர். வண்டியை நீண்ட நாள் நிறுத்துவதாக இருந்தால் கழுத்து வரை டீசல் நிரப்பி நிறுத்துங்கள். சூட்டில் விரிய அரை லிட்டர் இடம் விட்டால் போதும். உள்ளே ஈரக் காற்றுக்கு இடமில்லாவிட்டால் மேல் தகட்டுக்கும் துரு வராது.

ஒரு மாதம் கழித்து, வண்டி இரவு முழுக்க அசையாமல் நின்ற ஒரு காலையில், டேங்க் அடியிலுள்ள டிரெயின் நட்டைத் தளர்த்தி முதலில் வருவதை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடியுங்கள். கால் மணி நேரம் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். அடியிலிருந்து மேல்வரை ஒரே நிறமாக இருந்தால் வேலை முடிந்தது. அடியில் நிறமற்ற ஒரு பட்டை தெரிந்தால், மூடியை மறுபடி கழற்றிப் பாருங்கள்.